குட்டியைப் பார்த்து அப்பன் யாரென்று சொல்ல முடியுமா?

6.7.2024, கேள்வி

அண்ணே, மதுரைக்கு வெளிய வீடு கட்டுற இடத்துல ஒரு தெருநாய் ஆறு குட்டி போட்டுச்சு. ஏழு வாரம் இருக்கும். அதுல ஒரு பெட்டைக் குட்டிய எடுத்து வந்திருக்கோம். முழுக் கருப்பு, மார்புல மட்டும் சின்னதா வெள்ளை. காது தொங்குது. விரலுக்கு நடுவுல சவ்வு இருக்கு, நாக்குல ஊதா மச்சம் இருக்கு. பின்னங்கால்ல கூடுதல் நகம், மொத்தம் 20. பாக்குறவங்க எல்லாம் லேப் கிராஸ்னு சத்தியம் பண்றாங்க. தாய் செவலை, குட்டை முடி, நிமிர்ந்த காது, சுருட்டு வால். மத்த குட்டிங்க: இன்னும் ரெண்டு முழுக் கருப்பு, ரெண்டு செவலை, ஒண்ணு கருப்புல செம்பட்டைப் பொட்டு வச்சது, கன்னி நாய் மாதிரி. அப்பன் லேப்தானா?

6.7.2024, இரவு

நீங்கள் அடுக்கிய அடையாளங்களில் லேப்ரடாருக்கு மட்டும் உரியது ஒன்றுகூட இல்லை.

விரல் சவ்வு எல்லா நாய்க்கும் உண்டு. லேப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து போன்ற தண்ணீர் நாய்களுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஏழு வாரக் குட்டியின் பாதத்தில் தோல் தளர்வாக இருக்கும். விரலை விரித்துப் பார்த்தால் எந்தக் குட்டிக்கும் சவ்வு பெரிதாகத்தான் தெரியும்.

நாக்கு மச்சம் வெறும் நிறமி. சௌ சௌ இனத்துக்கு நாக்கு முழுக்க நீலக்கருப்பு என்பதால் மச்சம் இருந்தாலே சௌ சௌ ரத்தம் என்று வெளிநாட்டில் சொல்வார்கள், நம் ஊரில் ஜாதி நாய் என்பார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. தெருநாய்களின் வாயைத் திறந்து பாருங்கள், எத்தனையோ நாய்க்கு இருக்கும். அண்ணம் கருப்பாக இருந்தால் ஒரிஜினல் என்பதும் இதே வகைதான்.

தொங்கும் காது: ஏழு வாரத்தில் காதை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. நகத்துக்குத் தனியாக வருகிறேன்.

உங்கள் கேள்விக்கு விடை குட்டியின் முகத்தில் இல்லை. தாயின் முடியிலும் கூடப் பிறந்தவற்றின் நிறத்திலும் இருக்கிறது. முதலில் ஒரு வேலை செய்யுங்கள். தாயின் முதுகு, வால் நுனி, மூஞ்சி, மீசை முடி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் பாருங்கள். ஒரு கருப்பு முடியாவது இருக்கிறதா?

8.7.2024

பதில் வந்திருக்கிறது: தாய்க்கு மூஞ்சி கருமை, வால் நுனியில் கருப்பு, முதுகு முடியைப் பிரித்தால் அடி செம்மையாகவும் நுனி கருப்பாகவும் இருக்கிறது. இது போதும்.

நாயின் மேனியில் இரண்டே நிறமிகள்தான். ஒன்று கருப்பு, இன்னொன்று செம்மை. செவலை, சந்தனம், வெளிர் மஞ்சள் எல்லாம் செம்மையின் அடர்த்தி வேறுபாடு. ஒரு நாய் செவலையாக இருக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, முடிக்குக் கருப்பு நிறமி செய்யவே தெரியாது. மஞ்சள் லேப், கோல்டன் ரிட்ரீவர் இந்த வகை. மூக்கும் உதடும் கருப்பாக இருக்கும், மேனியில் ஒரு கருப்பு முடிகூட இருக்காது, மீசையும் வெளிறியிருக்கும். இரண்டாவது வழியில் கருப்பு செய்யத் தெரியும், ஆனால் நுனியிலும் மூஞ்சியிலும் மட்டும் செய்யும். நம் தெருச் செவலைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். உங்கள் தாய் நாயும் இதுதான்.

இனி கருப்பு. மேனி முழுக்கக் கருப்பாக்கும் ஒரு மரபணு இருக்கிறது, அது ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே குட்டி முழுக் கருப்பு. இது எந்த மரபணு என்று 2007-ல் கண்டுபிடித்தார்கள். உடம்பின் நோய் எதிர்ப்பில் பங்குள்ள டிஃபென்சின் புரதங்களில் ஒன்றை உண்டாக்கும் மரபணுவே நாயின் நிறத்தையும் ஆள்கிறது. கருப்பு செய்யத் தெரிந்த தாயிடம் இந்தப் பிரதி ஒன்று இருந்திருந்தால் அவளே முழுக் கருப்பாக இருந்திருப்பாள். அவள் செவலை. ஆகவே அவளிடம் அது இல்லை. உங்கள் குட்டியின் கருப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அப்பன் வழி வந்தது.

மீதி ஒன்று எதற்கு என்றால், ஜெர்மன் ஷெப்பர்ட் முதலிய சில இனங்களில் ஒடுங்கு பண்பாக வரும் இன்னொரு கருப்பு உண்டு. அதற்கு இரு பெற்றோரிடமிருந்தும் பிரதி வர வேண்டும். ஓர் ஈத்தில் பாதி கருப்பு என்கிற கணக்குக்கு அது சுலபத்தில் பொருந்தாது.

8.7.2024, சற்றுப் பின்

மேலே உள்ளதோடு சேர்த்துப் படிக்க: "அப்பன் வழி கருப்பு" என்றால் அப்பன் கருப்பு நாய் என்று அர்த்தம் ஆகாது. மஞ்சள் லேப் உள்ளுக்குள் இந்த ஓங்கு கருப்பையே சுமக்கிறது. முடி கருப்பு செய்யாததால் வெளியே தெரிவதில்லை. மை தீர்ந்த பேனா மாதிரி. அதைச் செவலைத் தெருப்பெட்டையோடு சேர்த்தால் குட்டிகள் கருகருவென்று பிறக்கும். "மஞ்சள் நாய்க்கும் சிவப்பு நாய்க்கும் எப்படிக் கருப்புக் குட்டி, வேற நாய்தான் சேர்ந்திருக்கு" என்று பலர் சண்டைக்கு வருவது இந்த இடத்தில்தான்.

11.7.2024

இப்போது ஆறு குட்டிகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்போம். 3 கருப்பு, 2 செவலை, 1 கருப்பில் செம்பட்டைப் பொட்டு.

அப்பன் கலப்பில்லாத லேப் என்று வையுங்கள். ஓங்கு கருப்பின் இரண்டு பிரதியும் அவனிடம் இருக்கும் (பொட்டு வைத்த லேப் மிக அபூர்வமாகப் பிறப்பதுண்டு, அதை விடுங்கள்). அப்படியானால் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பிரதி போயே தீரும், ஆறும் கருப்பாக இருக்க வேண்டும். மூன்று இல்லை. அந்த இரண்டு செவலைக்கும் பொட்டு வைத்ததற்கும் லேப் அப்பனாக இருக்க வழியில்லை.

மீதி மூன்று கருப்புக் குட்டிகள்? லேபுக்கும் பிறந்திருக்கலாம். பெட்டை நாயின் கருமுட்டை முதிராமலே வெளிவரும், சினைக்குத் தயாராக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கடுவனின் விந்து உள்ளே ஐந்து முதல் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். பருவத்தில் உள்ள பெட்டை ஒரு வாரத்துக்கு மேலும் கடுவன்களை ஏற்கும். அதனால் ஒரே ஈத்தில் இரண்டு மூன்று அப்பன் இருப்பது தெருவில் சாதாரணம்.

ஆனால் இரண்டு அப்பன் தேவையே இல்லாமல் கணக்கு நேராகிறது. ஒரு கருப்புத் தெருக்கடுவன், ஓங்கு கருப்பில் ஒரே பிரதி உள்ளவன், பொட்டு நிறத்தை உள்ளே மறைத்து வைத்திருப்பவன். அவனுக்குப் பிறப்பதில் சராசரியாகப் பாதி கருப்பு. மீதிப் பாதியில் செவலையும் பொட்டும் வரும். ஆறில் மூன்று என்று அச்சாகப் பொருந்துகிறது. இப்படி ஒரு கருப்பன் இல்லாத தெரு மதுரையில் இருக்காது.

ஆறு குட்டி என்பது சிறிய எண்ணிக்கை, அதனால் விகிதத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். செவலை பிறந்திருக்கிறது என்பதுதான் பலமான சாட்சி.

12.7.2024

"பொட்டு வச்ச குட்டி டாபர்மேன் கிராஸா, ராட்வீலர் கிராஸா, கன்னியா?" என்று இன்னொருவர்.

மூன்றும் தேவையில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு பொட்டு, கன்னத்தில், மார்பில், காலில் செம்மை, இந்த வடிவம் நாய்களில் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஒடுங்கு பண்பு என்பதால் தலைமுறை தலைமுறையாக மறைந்திருந்து திடீரென்று ஒரு குட்டியில் வெளிப்படும். வேட்டைநாய் உடல்வாகு இல்லாமல் நிறத்தை மட்டும் வைத்துக் கன்னி என்று சொல்வது தவறு. அதே நிறம், அதே பொட்டு, தெருநாய்க்கும் உண்டு.

12.7.2024

ராட்வீலர் என்று எழுதிவைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 12 மார்ச் 2024 அன்று மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் 23 வகை நாய்களின் இறக்குமதி, வளர்ப்பு, விற்பனைக்குத் தடை போடச் சொன்னது. ராட்வீலர் அதில் உண்டு, அவற்றின் கலப்புகளும் உண்டு. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. நாளைக்கு வேறு வடிவில் வரலாம். தடுப்பூசி அட்டையில் யாரோ ஆசைக்கு எழுதிய ஒரு பெயர், வாடகை வீட்டிலும் உரிமம் எடுக்கும் இடத்திலும் அந்த நாயைத்தான் உதைக்கும். எந்தத் தப்பும் செய்யாத ஒரு தெருக்குட்டிக்கு இது வர வேண்டியதில்லை.

15.7.2024

நகம். முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு, மொத்தம் 18. பின்னங்காலின் உட்பக்கம் கூடுதலாக ஒன்று வந்தால் 20. ஒரு காலில் மட்டும் வந்தால் 19. இரட்டையாக வரும் இனங்களும் உண்டு. பிரான்சின் பியோசெரான், பிரையார்ட் இரண்டுக்கும் பின்னங்காலில் இரட்டை நகம் கட்டாய லட்சணம். நம் ஊரில் 20 நகம் ஒரிஜினல், 18 நாட்டு நாய் என்று விலை பேசுகிறார்கள். கூடுதல் நகம் பெரும்பாலும் ஓங்கு பண்பாக வருவது, தெருநாய்களில் தாராளமாக இருக்கிறது. லேபுக்கோ ஷெப்பர்டுக்கோ அது அடையாளமே இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. அந்த நகம் தரையில் படாது, தேயாது. வெட்டாமல் விட்டால் வளைந்து சதைக்குள் இறங்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கருப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் தெரியாது, அதனால் நுனியிலிருந்து மெல்லிய சீவல்களாக எடுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ரத்தம் வந்துவிட்டால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும். எலும்பில் மூட்டு இல்லாமல் தோலில் மட்டும் ஆடும் நகமாக இருந்தால், கருத்தடை அறுவை செய்யும்போதே அதையும் எடுத்துவிட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

19.7.2024

ஒருவர் எழுதியிருக்கிறார்: அப்பன் பொமரேனியன் என்று கண்ணால் பார்த்தது, ஆனால் நான்கு குட்டியும் குட்டை முடி, அதனால் அப்பன் அவன் இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்களாம்.

அவசரம். நீள முடி ஒடுங்கு பண்பு. தெருப்பெட்டை நீள முடியைச் சுமக்காதவளாக இருந்தால் பொமரேனியனுக்குப் பிறப்பவை அத்தனையும் குட்டை முடியாகத்தான் இருக்கும். அந்தக் குட்டிகள் ஒவ்வொன்றும் நீள முடியை ஒளித்து வைத்திருக்கும், பேரன் பேத்தியில் புசுபுசுவென்று வெளிவரும். திருப்பிப் போட்டால், குட்டை முடித் தாய்க்குப் புசுபுசு குட்டி பிறந்தால் தாயும் அப்பனும் இரண்டு பேருமே நீள முடியைச் சுமக்கிறார்கள். தாயின் பாட்டன் யாராவது ஸ்பிட்ஸாக இருந்திருப்பான். நம் ஊரில் பொமரேனியன் என்று விற்பதில் பெரும்பகுதி இந்தியன் ஸ்பிட்ஸ் என்பதையும் நினைவில் வையுங்கள். அசல் பொமரேனியன் மூன்று மூன்றரை கிலோவுக்கு மேல் போகாது.

2009-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து, முடியின் நீளம், சுருள், முகத் தாடி மூன்றுக்கும் காரணமான மூன்று மரபணுக்களைச் சொன்னார்கள். இனங்களுக்கிடையே முடியில் நாம் பார்க்கும் வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த மூன்றின் சேர்க்கைதான். குட்டியின் அப்பனைத் தேடுகிறவருக்கு இதில் அதிகம் உதவுவது தாடி. தாடி-மீசை-புருவக் கற்றை ஓங்கு பண்பு. ஷிட்சூ, லாசா அப்பன் என்றால் குட்டிக்கு மூஞ்சியில் முடி சிலிர்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று மாதமாகியும் மூஞ்சி வழவழவென்று இருந்தால் "ஷிட்சூ கிராஸ்" என்று விற்றவர் சொன்னதை நம்ப வேண்டாம். தாடி இருந்தால் பெற்றோரில் ஒருவருக்குத் தாடி இருந்தே தீர வேண்டும், ஒளிந்து வராது.

குட்டைக் காலும் இப்படித்தான். டாஷ்ஹண்டின் கால் மரபணு ஒரு பிரதி வந்தாலே கால் கண்கூடாகக் குட்டையாகிவிடும். கால் நீளமான குட்டியைப் பார்த்து "டாஷ்ஹண்டுக்குப் பிறந்தது" என்று சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

புலிவரி: வரி உள்ள குட்டிக்குப் பெற்றோரில் ஒருவர் வரி உள்ளவராக இருக்க வேண்டும், அல்லது முழுக் கருப்பாகவோ கருப்பு முடியே இல்லாத மஞ்சளாகவோ இருந்து வரியை மறைத்தவராக இருக்க வேண்டும். பாக்ஸர் தேவையில்லை.

கல்லீரல் நிறம், அதாவது மூக்கே பழுப்பு: இரு பெற்றோரும் சுமந்தால்தான்.

20.7.2024

ராஜபாளையம் கிராஸ் பற்றிக் கேட்டவருக்கு. அசல் ராஜபாளையம் பால்வெள்ளை, மூக்கும் உதடும் இளஞ்சிவப்பு. நிறமுள்ள நாயோடு சேர்ந்தால் குட்டிகள் பொதுவாக மறை விழுந்துதான் பிறக்கும், முழு வெள்ளையாக அல்ல. வெள்ளைத் தெருக்குட்டி என்றால் ராஜபாளையம் என்று பொருளில்லை, மூக்கு கருப்பாக இருந்தால் இன்னும் சந்தேகம். சிப்பிப்பாறையோ கன்னியோ கலந்ததை எட்டு வாரத்தில் கண்டுபிடிப்பது வீண் முயற்சி. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட ஒடுங்கிய தலை எல்லாம் ஐந்தாறு மாதத்துக்கு மேல்தான் தெரியும். அதிலும் பசியில் வளர்ந்த தெருநாய் எதுவும் வயிறு ஒட்டித்தான் இருக்கும்.

முழு வெள்ளைக் குட்டி கையில் இருந்தால் இனத்தைத் தேடுவதற்கு முன் காதைச் சோதியுங்கள். உள்காதில் நிறமிச் செல் இல்லாவிட்டால் செவிடாகும், ராஜபாளையத்தில் இது தெரிந்த பிரச்சினை. குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையை மிதிக்கக் கூடாது, கை தட்டக் கூடாது. அதிர்வையும் காற்றையும் உணர்ந்து எழுந்துவிடும், காது கேட்கிறது என்று நினைத்துவிடுவோம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அது சத்தம் வந்த திசையைத் தவறாகத் திரும்பிப் பார்க்கும், அதைக் கவனியுங்கள்.

27.7.2024

"இருபது வருஷமா நாய் பாக்குறேன், பாத்தவுடனே சொல்லிருவேன்" என்கிறவருக்கு.

அனுபவத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் விக்டோரியா வோய்த் குழு 2009-ல் 20 நாய்களை எடுத்துக்கொண்டது. காப்பகத்தார் பார்வையால் சொன்ன இனங்களில் ஒன்றாவது மரபணுச் சோதனையில் முக்கிய இனமாக வந்தது கால்வாசி நாய்களில்தான். 2013-ல் நாய்த் தொழிலிலும் சேவையிலும் இருக்கும் 900-க்கும் மேற்பட்டவர்களுக்கு 20 நாய்களின் காணொளியைக் காட்டினார்கள். பாதிப் பேருக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னது 7 நாய்களுக்கு மட்டும். அந்த ஏழிலும் மூன்றில் மரபணு வேறு சொன்னது. எல்லோரும் ஒத்துப்போவதும் சாட்சி ஆகாது.

காரணம் எளிது. முகத்தையும் நிறத்தையும் தீர்மானிப்பவை சில மரபணுக்கள். நாய்க்குக் குரோமோசோம் 39 சோடி. நாலில் ஒரு பங்கு லேப் உள்ள குட்டியில் லேப் முகத்தைத் தரும் துண்டு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். லேபே இல்லாத குட்டியில் கருப்பும் தொங்கு காதும் ஒன்று சேரலாம். நம் கண் இனத்தைப் பார்ப்பதில்லை, நாலைந்து மரபணுவைத்தான் பார்க்கிறது.

28.7.2024

அதனால்தான் நான் "இது இன்ன இனம்" என்பதை விட்டுவிட்டு "இது இல்லை" என்பதை மட்டும் தேடுகிறேன். தாடி இல்லை, ஷிட்சூ இல்லை. கால் நீளம், டாஷ்ஹண்ட் இல்லை. செவலை பிறந்திருக்கிறது, அந்தச் செவலைக்கு லேப் இல்லை. கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது சிறியதாக இருக்கும், ஆனால் நம்பலாம்.

14.8.2024

படம் எடுத்து அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்து எடுக்கிறீர்கள். தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் தெரிகிறது. குட்டியின் உயரத்துக்கு உட்காருங்கள். நிழலில், வெயில் நேரடியாகப் படாத இடத்தில், நான்கு காலும் தரையில் நிற்கும்படி பக்கவாட்டில் ஒன்று. நேர் முகம் ஒன்று. தலை பக்கவாட்டில் ஒன்று, காதை இழுத்துப் பிடிக்காமல். மூக்கு, இமை ஓரம், பாதத் திண்டு தெரியும்படி ஒன்று. கடைசியாக முதுகு முடியை விரலால் பிரித்து அடிவேர் நிறம் தெரியும்படி ஒன்று. இந்தக் கடைசிப் படம்தான் எனக்கு அதிகம் உதவுகிறது, அதைத்தான் யாரும் அனுப்புவதில்லை.

கண் நீலமாக இருக்கிறது, ஹஸ்கியா என்று கேட்பவர்கள் பன்னிரண்டு வாரம் வரை பொறுங்கள். எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலம்தான்.

10.9.2024

முதல் கேள்வி கேட்ட தம்பி எடை அனுப்பியிருக்கிறார். எட்டு வாரத்தில் 3.2 கிலோ, பதினாறு வாரத்தில் 7.8 கிலோ.

நடுத்தர அளவு நாய்க்குப் பதினாறு வார எடையை இரண்டால் பெருக்கினால் வளர்ந்த எடைக்குக் கிட்டத்தில் வரும். சிறிய இனம் அதற்குள் பாதியைத் தாண்டியிருக்கும், ராட்சத இனம் பாதியை எட்டியிருக்காது. இங்கே 15, 16 கிலோ. பெட்டை லேப் 25-க்கு மேல் போகும். பாதி லேப் என்றால் 20-ஐ ஒட்டியாவது வர வேண்டும். லேப் பக்கம் தராசு இறங்கவில்லை.

இந்தக் கணக்கு கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று வயது. தெருவில் எடுத்த குட்டிக்கு வயது ஊகம்தான், இரண்டு வாரம் பிசகினால் எடைக்கணக்கு முழுவதும் பிசகும். பல்லைப் பாருங்கள். எட்டு வாரத்தில் 28 பால்பல்லும் வந்திருக்கும். மூன்றரை, நாலு மாதத்தில் முன்பல் விழுந்து மாறும். கோரைப்பல் ஐந்து ஆறு மாதத்தில். ஏழு மாதத்தில் 42 பல். தம்பியின் குட்டிக்கு முன்பல் இப்போதுதான் ஆடுகிறது என்கிறார், பதினாறு வாரம் சரிதான்.

இரண்டு, புழு. வட்டப்புழு உள்ள குட்டிக்கு வயிறு உப்பி எடை கூடக் காட்டும், எலும்பு வளராது. இரண்டு வார வயதிலிருந்து எட்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை குடற்புழு மருந்து போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எடையை வைத்து அப்பனைத் தேடாதீர்கள்.

எடை பார்ப்பது: காலையில் தீனிக்கு முன், குட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துக்கொள்ளுங்கள். எப்போதும் அதே தராசு. பாதம் பெரிதாக இருந்தால் நாய் பெரிதாகும் என்பதைவிட இது நூறு மடங்கு நம்பகம்.

11.9.2024

காது இப்போது ஒன்று நிற்கிறதாம், ஒன்று தொங்குகிறதாம். பல் மாறும் காலத்தில் காது ஏறும், இறங்கும், கோணும். ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம். டேப் ஒட்டி நிமிர்த்துவதெல்லாம் வேண்டாம்.

3.10.2024

மரபணுச் சோதனை செய்யலாமா? செய்யலாம், என்ன கிடைக்கும் என்று தெரிந்து செய்யுங்கள். சோதனைக்கூடம் உங்கள் நாயைத் தன்னிடம் உள்ள இன மாதிரிகளோடு ஒப்பிடும். அந்தப் பட்டியலில் இல்லாத இனத்தை அது சொல்லவே முடியாது. தெருநாய் பல இனம் கலந்த கலவை இல்லை, இன்றைய இனங்கள் உருவாவதற்கு முன்பிருந்தே மனிதனோடு வாழ்ந்துவரும் தனிக் கூட்டம். அதற்கான மாதிரி பட்டியலில் இல்லாவிட்டால், இருப்பதில் கிட்டத்தில் உள்ள பெயர்களைத் துண்டு துண்டாக ஒட்டி அனுப்பும். பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்தியத் தெருநாய் மாதிரி இருக்கிறதா? ராஜபாளையம், சிப்பிப்பாறை இருக்கிறதா?

கன்னத்தின் உட்புறம் குச்சியை அரை நிமிடம் உருட்டி எடுக்க வேண்டும். தீனி தின்று ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பால் குடிக்கும் குட்டியிடம் எடுத்தால் தாயின் செல் கலந்துவிடும். ஒரே தட்டில் தின்னும் குட்டிகளைப் பிரித்து வையுங்கள். குச்சியை உறையில் போடும் முன் காற்றில் உலர்த்துங்கள், ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும்.

குணத்தைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனை என்றால் அந்தக் காசுக்குக் கருத்தடை செய்யலாம். 2022-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைக் கேட்டு, 2,155 நாய்களின் மரபணுவைப் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது சுமார் 9 விழுக்காடு.

18.11.2024

ஆறு மாதம். 12.4 கிலோ. இரண்டு காதும் பாதி நிமிர்ந்து நுனி மட்டும் மடங்கியிருக்கிறது. வால் முதுகுக்கு மேல் ஒரு சுற்று. முடி ஒட்டிய குட்டை முடி. லேபுக்குரிய தடித்த நீர்நாய் வால் இல்லை, மார்பு அகலம் இல்லை.

ஆறு மாதத்தில் நடுத்தர நாய் வளர்ந்த எடையில் முக்கால் பங்கை எட்டியிருக்கும். 16, 17 கிலோவில் நிற்கும். செப்டம்பர் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஈத்தின் நிறக்கணக்கு, எடை, வால் மூன்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன. அப்பன் கருப்புத் தெருக்கடுவன். ஏதோ ஒரு பாட்டன் லேபாக இருந்திருந்தால் அதைக் கண்ணால் மறுக்க முடியாது, ஆனால் பாதி லேப் என்பதை விட்டுவிடலாம்.

அட்டையில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: நாட்டு நாய், பெட்டை, கருப்பு, மார்பில் வெள்ளை, இரு பின்னங்காலிலும் கூடுதல் நகம், நாக்கில் மச்சம். காணாமல் போனால் தேட உதவுவது இந்த வரிதான், "லேப் கிராஸ்" என்று எழுதினால் தேடுகிறவர் வேறு நாயைத் தேடுவார்.

21.11.2024

கடைசியாகக் கேட்டவருக்கு: "நீள மூஞ்சி, கழுத்தைச் சுற்றி வெள்ளை, கோலி கிராஸ்னு சொல்றாங்க. சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி போடப் போறோம். இனம் தெரிஞ்சு என்ன ஆகப் போவுது?"

உங்கள் விஷயத்தில் ஆகும். ஊசியை நிறுத்தி வையுங்கள்.

கோலி இனத்தில் சுமார் எழுபது விழுக்காடு நாய்களுக்கு ஒரு மரபணுப் பிழை உண்டு. மூளைக்குள் மருந்து நுழையாமல் வெளியே தள்ளும் புரதம் வேலை செய்யாது. இதை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2001-ல் கண்டறிந்தார்கள். ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் பாதிக்குக் கிட்ட, ஜெர்மன் ஷெப்பர்டில் பத்தில் ஒன்று. கலப்புக் குட்டிக்கும் வரும். இதயப்புழுத் தடுப்புக்குக் கொடுக்கும் அளவு, கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், அது தாங்கும். சொறிக்குக் கொடுப்பது 200-க்கு மேல், டெமோடெக்ஸ் சொறிக்கு 300 முதல் 600. பிழை உள்ள நாய்க்கு அந்த அளவு விஷம். எச்சில் ஒழுகும், கண்மணி விரியும், தள்ளாடும், பார்வை போகும், மயக்கத்தில் விழும்.

இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஒரு சதவீத ஊசி மருந்தில் மில்லிக்கு 10 மில்லிகிராம். ஐந்து கிலோ குட்டிக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில் 0.1 மில்லிதான். அதை 1 மில்லி என்று படித்தால் பத்து மடங்கு. கோலி ரத்தம் இல்லாத குட்டியும் அதில் படுத்துவிடும். ஆறு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இந்த மருந்தே வேண்டாம்.

கண்ணால் பார்த்துச் சொன்ன கோலி தவறாக இருக்கலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே தவறான பக்கம் எது என்று பாருங்கள். கோலி இல்லாததைக் கோலி என்று நினைத்தால் மருந்தை மாற்றுவதோடு போகும். மருத்துவரிடம் "கோலி கலப்பாக இருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், தோலைச் சுரண்டிப் பார்த்து எந்தச் சொறி என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் மாத்திரைகள் உரிய அளவில் இந்தப் பிழை உள்ள நாய்க்கும் கொடுக்கலாம். வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் மணி எத்தனை, எத்தனை மில்லி, மருந்துப் பாட்டில் எது என்று குறித்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள்.